தாயில்லம்: நிந்தவூர்ப் பகுதிப் பழைய வீடுகளின் வரலாறு

பழைய வீடொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் எதிர்கொள்ளும் வினா, அவ்வீடு யாருடையது என்பதேயாம். பாட்டன் கட்டினான், தந்தை விரித்தான், மைந்தன் காத்தான் என்று கூறுவதே பல நாடுகளில் வழக்கம். செட்டிநாட்டுப் பெருமனைகளின் வரலாறு அவ்வாறே கூறப்படும். ஆனால் ஈழத்தின் கீழ்க்கரையிலே, கல்முனைக்குத் தெற்கே அமைந்துள்ள நிந்தவூரில் இம்முறை பொருந்தாது. அங்கே ஒரு பழைய வீட்டை ஊரார் யாரோ ஒரு போடியாரின் பெயராற் சுட்டுவர். ஆராய்ந்து நோக்கின், அப்போடியார் அவ்வீட்டிற் பிறந்தவரல்லர் என்பது புலனாகும். அவர் மணமகனாய் அங்கு வந்து புகுந்தவர். அவர் பிறந்த வீடு அவருடைய உடன்பிறந்தாளுக்கு உரியதாயிற்று. அவருடைய மைந்தரும் அவ்வீட்டில் நிலைத்தாரல்லர். அவர்களும் மணமகன்மாராய் வேறு வீடுகளுக்குச் சென்றனர். நிலைத்தவள் மகள், அவளுக்குப் பின் அவள் மகள். வீட்டின் பெயர் ஆணைச் சார்ந்து நிற்க, வீட்டின் உரிமை பெண்வழியே ஓடுகின்றது. ஆகவே இவ்வீடுகளின் வரலாற்றை அறிய விரும்புவோர் தந்தையர் பெயர்களை விடுத்துத் தாயரின் தொடர்ச்சியைப் பின்பற்றுதல் வேண்டும்.

ஊரும் நிலமும்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களைக் கடந்தபின் நிந்தவூர் தோன்றும். அதற்குத் தெற்கே ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகியன தொடர்கின்றன. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், இடையே ஒடுங்கிய மணல்மேடு. அம்மேட்டின் மேலேயே மக்கள் குடியிருப்பு அமைந்துள்ளது. சாய்ந்தமருதும் நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள காரைதீவு சைவத் தமிழர் ஊர், சுவாமி விபுலாநந்தர் 1892 இற் பிறந்த ஊர். இவ்வாறு சைவரும் இஸ்லாமியரும் மாறிமாறி அமைந்த ஊர்களில் வாழ்ந்து, ஒரே ஆற்று நீரைப் பகிர்ந்து, ஒரே மொழியைப் பேசி வந்தமை இக்கரையின் தனிச்சிறப்பாகும்.

பழைய ஆட்சிப் பிரிவின்படி இப்பகுதி மட்டக்களப்புப் பிரதேசத்தைச் சேர்ந்த பற்றுக்களுள் ஒன்று. கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று என்பன போல நிந்தவூர்ப்பற்றும் ஆங்கிலேயர் ஆட்சிக் கால ஆவணங்களிற் பயில்கின்றது. 1961 ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டபோது இவ்வூர்கள் அதனுள் அடங்கின.

கீழ்க்கரையில் இஸ்லாமியர் குடியேறிய காலம் பற்றிப் பல செய்திகள் வழங்குகின்றன. அவற்றுள் வரலாற்றாசிரியராற் பெரிதும் எடுத்துக் காட்டப்படுவது போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோசு எழுதிய செய்தியாகும். 1626 ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட நிலங்களிலிருந்து சோனகரை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் அளித்து, அவருள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்பிற் குடியேற்றினான் என்பது அது. அதற்கு முன்னரும் வணிகத்தின் பொருட்டு வந்து தங்கியோர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. வணிகராய் வந்தோர் இம்மண்ணிலே உழவராயினர். கடல்வழி வந்த ஆண்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து அவர்தம் இல்லங்களிலே தங்கியதனாலேயே தாய்வழி முறை இவர்களிடத்து வேரூன்றியது என்று ஆய்வாளர் கருதுவர். கீழ்க்கரையின் சைவத் தமிழரிடத்தும் அதே முறை நிலவுவது இக்கருத்துக்கு வலிமை தருகின்றது.

குடிமுறை

வீட்டின் வரலாற்றை விளங்கிக்கொள்ளக் குடிமுறையை முதலில் அறிதல் வேண்டும். குடி என்பது இப்பகுதியிலே தாய்வழி வரும் குலத்தைக் குறிக்கும். பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியைச் சேராது. ஒரே குடியினர் தம்முள் மணஞ்செய்தல் வழக்கன்று. ஒரு வயிற்று வழியினர் என்னும் பொருளில் ‘வயிற்றுவார்’ என்ற சொல்லும் மட்டக்களப்புப் பகுதியில் வழங்குகின்றது. இச்சொல்லே அம்முறையின் உட்பொருளைத் தெளிவாக்கும்.

இக்குடிமுறை இல்லத்தோடு நின்றுவிடவில்லை. சைவக் கோயில்களிலே குடிகளின் சார்பிற் பொறுப்பேற்போர் வண்ணக்கர் எனப்பட்டனர். திருவிழாக்களிலே ஒவ்வொரு குடிக்கும் உரிய பங்கும் முறையும் வகுக்கப்பட்டிருந்தன. அவ்வாறே முஸ்லிம் ஊர்களிலே பள்ளிவாசலின் நிருவாகத்துக்குக் குடிக்கொருவராக மரைக்காயர் அமர்ந்தனர். சமயம் வேறாயினும் ஊராட்சியின் கட்டமைப்பு ஒன்றாயிருந்தமை கருதத்தக்கது. பதவி வகித்தோர் ஆண்களே. எனினும் ஒருவர் மரைக்காயராவதற்குரிய தகுதி அவருடைய தாயின் குடியிலிருந்தே வந்தது. ஆட்சி ஆணிடத்தும் உரிமையின் ஊற்று பெண்ணிடத்தும் அமைந்த நிலை இது.

அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 ஆம் ஆண்டு முதலாக அக்கரைப்பற்றிலே தங்கி இம்முறையை ஆராய்ந்தவர். கீழ்க்கரைத் தமிழரும் சோனகரும் தாய்வழிக் குடி, மணமுறை, சீதனம் ஆகியவற்றில் ஏறத்தாழ ஒரே அமைப்பை உடையர் என்பதை அவர் விரிவாக நிறுவினார். அவருக்கு முன்னர் நூர் யல்மன் 1967 இல் வெளியிட்ட நூலிலும் இக்கரையின் முறை ஆராயப்பட்டுள்ளது. தமிழிலே வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பகுதி வழக்கங்களைத் தொகுத்துத் தந்தது. நிந்தவூரைச் சேர்ந்த எழுத்தாளர் எஸ். முத்துமீரான் கீழ்க்கரை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களையும் பழமொழிகளையும் தேடித் தொகுத்தார். ஏட்டில் எழுதப்படாத இல்லற வாழ்வைப் பெண்களின் வாய்மொழியிலிருந்து மீட்டுத் தந்தமை அத்தகைய தொகுப்புக்களின் பயனாகும்.

வீட்டின் அமைப்பு

பழைய வீடு வளவின் நடுவே அமைந்தது. வளவைச் சுற்றிக் கிடுகு வேலி. பொருள் மிகுந்தோர் பிற்காலத்தில் மதில் கட்டினர். தெருவிலிருந்து உள்ளே நுழையும் வாயில் கடப்பு எனப்படும். வேலி உயர்ந்தும் அடர்ந்தும் இருந்ததற்குப் பெண்களின் மறைவே காரணம். அயல் வளவுகளில் உடன்பிறந்தாரே வாழ்ந்தமையால் இடைவேலியிலே சிறு திறப்பு விடுவதுண்டு. பெண்கள் தெருவுக்கு வாராமலே தாய் வீட்டுக்கும் தமக்கை வீட்டுக்கும் சென்று வருவதற்கு அது வழியாயிற்று.

மிகப் பழைய வீடுகள் மண்சுவரும் கிடுகுக் கூரையும் உடையன. செல்வம் பெருகியபோது செங்கற்சுவரும் ஓட்டுக் கூரையும் வந்தன. வீட்டினுள்ளே முன்புறம் வந்தோரை இருத்துதற்குரிய திறந்த பகுதி, அதற்கப்பால் உள்வீடு, பின்புறத்தே சமையலிடம். முன்புறம் ஆடவர்க்குரியது, உள்ளும் பின்னும் மகளிர்க்குரியன. உள்வீடு இருள் செறிந்ததாய், யன்னலின்றியோ சிறு யன்னலுடனோ அமைந்திருக்கும். நகையும் பட்டும் உறுதிகளும் பேணப்பட்டது அங்கேயே. நெல்லைச் சேமிக்கும் கொம்பறையும் வளவினுள்ளே இருந்தது. களவெட்டியிற் சூடடித்துப் பொலி தூற்றிக் கொண்டுவந்த நெல் அதனுட் சென்றபின் அதனை அளந்து எடுத்துக் குடும்பத்தை நடத்துதல் இல்லாளின் பொறுப்பாயிற்று.

வீட்டுறுப்புக்களின் பெயர்களே வரலாற்றுச் சான்றுகளாய் நிற்கின்றன. குசினி, யன்னல், விறாந்தை, அலுமாரி, மேசை, கதிரை, சாவி என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. கக்கூசு, கந்தோர், நொத்தாரிசு என்பன ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. வளவு, கடப்பு, கோடி, திண்ணை, உள்வீடு என்பன தமிழ். வீட்டின் அடிப்படை உறுப்புக்கள் தமிழ்ப் பெயரையும், பின்னர் வந்து சேர்ந்த பொருள்களும் வசதிகளும் அந்நியப் பெயரையும் கொண்டிருத்தல் காண்க. போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியது 1628 இல். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1638 இல். கோட்டையிற் போர்த்துக்கேயர் இருந்த காலம் பத்தாண்டே. அவர்தம் சொற்களோ நாடெங்கும் பரவி, நிந்தவூர்க் குசினியிலும் இன்றளவும் வழங்குகின்றன.

வீட்டைக் கட்டும் பொருள் வயலிலிருந்து வந்தது. ஆங்கிலத் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் (1855–1860) காலத்திலே இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்கள் திருத்தப்பட்டன. நீர் உறுதியானபோது நெற்செய்கை விரிந்தது. பெருநிலமுடைய போடிமார் வயலை வயற்காரரிடம் விட்டு, வட்டவிதானைமாரின் மேற்பார்வையில் நீர் பங்கிட்டு வேளாண்மை செய்வித்தனர். விளைவின் மிகுதி மகளிரின் நகையாகவும் வீடாகவும் உருமாறிற்று. ஒரு போடியாரின் பெருமை அவருக்குரிய வயலின் அளவாலும், தம் மகளிர்க்கு அவர் எழுப்பிக் கொடுத்த வீடுகளின் எண்ணிக்கையாலும் அளக்கப்பட்டது.

வீடு கைமாறும் முறை

மகள் மணஞ்செய்யும்போது அவளுக்கு வீடு கொடுத்தல் இப்பகுதியின் தலையாய வழக்கம். மணமகன் தன் வீட்டை விட்டு மணமகள் வீட்டுக்கு வருவான். முதல் மகளுக்குப் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்தல் பெருவழக்கு. சில காலம் பெற்றோரும் புதுமணமக்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்வர். பின்னர்ப் பெற்றோர் மணமாகாத ஏனைய பிள்ளைகளோடு அயலிலே எழுப்பிய வேறொரு வீட்டுக்குப் பெயர்வர். இரண்டாம் மகளுக்கு மணம் முடிந்தபோது அவ்வீடும் கைமாறும்; பெற்றோர் மீண்டும் பெயர்வர். இவ்வாறு பெயர்ந்து பெயர்ந்து முதுமையிற் கடைசி மகளின் வீட்டிலோ, அதனை ஒட்டிய சிறு குடிலிலோ வந்து சேர்வர். தம் வாழ்நாளிற் பல வீடுகளைக் கட்டிய தகப்பன், இறுதியில் தன் பெயரில் ஒரு வீடும் இல்லாதவனாய் மகளின் திண்ணையிலே இருப்பது இம்முறையின் இயல்பான முடிவாகும். இதனை ஊரார் குறையாகக் கருதுவதில்லை. எல்லாவற்றையும் கொடுத்து முடித்தவன் கடமையை முடித்தவன் என்றே மதிப்பர்.

இதனாலேயே நிந்தவூர் போன்ற ஊர்களில் ஒரு வளவைச் சுற்றித் தாய், மகள், தமக்கை, தங்கை ஆகியோரின் வீடுகள் கொத்தாக அமைந்தன. அக்கொத்திலே வேரூன்றி நிற்போர் பெண்கள். ஆடவர் பல குடிகளிலிருந்து வந்து சேர்ந்தோர். கணவனை இழந்தவளும் மணமுறிவு பெற்றவளும் வீட்டை இழப்பதில்லை. மணம் முறிந்தால் வெளியேற வேண்டியவன் கணவனே. குழந்தைகள் தாயோடும் பாட்டியோடும் தாயின் உடன்பிறந்தாளோடும் அதே வளவில் வளர்வர். வாழ்விழந்த பெண் பிறந்த வீட்டுக்கு மீண்டு உடன்பிறந்தான் மனைவியின் கையை எதிர்பார்த்து வாழும் துன்பம் வேறு பல சமுதாயங்களிலே உண்டு. இக்கரையிலே அத்துன்பத்துக்கு இடமில்லாமற் செய்தது இவ்வீட்டுரிமையே.

இம்முறையின் சுமையையும் மறைத்தல் கூடாது. ஏழு பெண்களைப் பெற்றவனும் ஏழு வீடு கட்டவேண்டியவனாவான். வறிய தகப்பனுக்கு இது தாங்கொணாப் பாரம். உடன்பிறந்தாளுக்கு வீடு முடியும்வரை தன் மணத்தை ஒத்திவைத்து உழைக்கும் இளைஞர் எத்தனையோ பேர். 1970 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்று உழைத்தோரின் பொருளும் பெரும்பாலும் இவ்வீடுகளாகவே எழுந்தது. கடன்பட்டுப் பெண்ணுக்கு மணம் முடிப்போரும், வீடில்லாமையால் மணமாகாது முதிரும் பெண்களும் இவ்வூர்களில் உண்டு. இஸ்லாமிய நெறிப்படி மணமகனே மணமகளுக்கு மஹர் கொடுத்தற்குரியவன். பெண்ணிடம் வீடும் பொருளும் கேட்டல் நெறிக்கு மாறு என்று மார்க்க அறிஞர் பலர் கண்டித்துரைத்தனர். ஆயினும் கேட்டுப் பெறும் பொருளையும், பெற்றோர் மகளின் பெயரிலே எழுதிவைக்கும் வீட்டையும் ஒன்றாக எண்ணலாகாது. முன்னையது மணமகன் கைக்குச் செல்வது. பின்னையது மகளின் கையை விட்டு நீங்காதது.

வளவு துண்டாடப்பட்டமை இம்முறையின் மற்றொரு விளைவு. ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். 1 ஏக்கர் பரப்புள்ள வளவு 160 பேர்ச்சசு. தலைமுறைதோறும் நான்கு மகளிர் என்று கொண்டு சமமாகப் பங்கிடின், முதற் பங்கீட்டில் ஒருத்திக்கு 40 பேர்ச்சசு, இரண்டாவதில் 10, மூன்றாவதில் இரண்டரை. பாட்டியின் தென்னஞ்சோலை பேர்த்தியின் காலத்திலே முற்றமில்லாத வீடாகிவிடுகின்றது. இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் ஒழுங்கைகள் ஒடுங்கியதும், மாடிவீடுகள் நெருங்கியதும், கீழ்த்தளம் மூத்தவளுக்கும் மேல்தளம் இளையவளுக்கும் எனப் பங்கிடப்பட்டதும் இக்கணக்கின் பயனே. பழைய வீடுகள் மறைந்தமைக்கும் இதுவே முதற் காரணம். அவற்றைப் பிறர் அழிக்கவில்லை. மகளிர்க்கு இடம் வேண்டி உரியவர்களே இடித்துக் கட்டினர்.

சட்டமும் உறுதியும்

வழக்கம் இவ்வாறிருக்கச் சட்டம் வேறு வழியிற் சென்றது. இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தின்படி மகனுக்கு மகளின் பங்கினும் இருமடங்கு உரியது. 1806 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் முஸ்லிம்களுக்கென ஒரு சட்டக்கோவையை வெளியிட்டனர். 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தினால் அது நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. அதன்படி நோக்கின் தகப்பன் இறந்தபின் வீட்டிலே ஆண்மக்களுக்கே பெரும்பங்கு சேர வேண்டும். வழக்கமோ வீடு முழுவதும் மகளுக்கே என்றது.

இம்முரண்பாட்டை நிந்தவூர்ப் பகுதியார் தீர்த்துக்கொண்ட முறை நுட்பமானது. இறந்தபின் பங்கிடுவதற்கு வீட்டை வைத்திராமல், வாழும்போதே மகளுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தனர். வாரிசுச் சட்டம் இறந்தோரின் உடைமையையே ஆளும். உயிரோடிருப்போர் மனமுவந்து கொடுத்ததை ஆளாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் நிலத்தைக் கைமாற்றும் ஆவணம் யாவும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என விதித்தது. எனவே வாய்ச்சொல்லாய் இருந்த சீதனம் உறுதி எழுத்தாயிற்று. மண்ணால் எழுப்பிய வீடு கரைந்து போயினும் அதன் உறுதி எஞ்சி நிற்கின்றது. கொடுத்தவர் யார், பெற்றவள் யார், எல்லை எவை, எவ்வழியாக உரிமை வந்தது என்பவற்றை அது கூறும். இன்னாருக்குத் தாய்வழிச் சீதனமாக வந்தது என்னும் தொடர்ச்சியை உறுதி உறுதியாகப் பின்னோக்கிச் சென்றால், வரலாற்றேடுகளில் ஒருபோதும் இடம்பெறாத பெண்களின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். குடும்ப வரலாறு எழுதுவோர்க்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

இஸ்லாமியச் சட்டத்திலே நன்கொடை நிறைவேறுவதற்குப் பொருளின் அனுபோகமும் பெறுவோரிடம் சேர வேண்டும் என்பது விதி. பெற்றோர் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தபின் அதே வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தால், வீடு உண்மையாகவே கைமாறியதா என்னும் வினா எழும். 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் இதற்கு விடை கண்டது. நன்கொடை உறுதியைப் பெறுவோர் கையிற் கொடுத்தலே பொருளை ஒப்படைத்தமைக்குச் சான்றாகும் என்று அது விதித்தது. மகளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பெற்றோர்க்கு அவ்விதி எத்துணை இன்றியமையாததாயிற்று என்பதை உணர்தல் எளிது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகனுக்குக் கொடுக்கப்படும் கைக்கூலியையும் கருத்திற்கொண்டு, மனைவி அதனைத் திரும்பப் பெறுதற்கு வழிசெய்தது.

அயலிலுள்ள சைவத் தமிழரின் வரலாறு வேறு வழியிற் சென்று அதே இடத்தை அடைந்தது. மட்டக்களப்பு முக்குவர் சட்டத்தின்படி முதுசம் என்னும் பரம்பரைச் சொத்து ஆணின் சொந்த மக்களைச் சேராமல் அவன் உடன்பிறந்தாளின் மக்களைச் சேர்ந்தது. கிறித்தோபர் பிரித்தோ 1876 இல் இச்சட்டத்தைத் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் அவர்களைப் பொதுச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. சட்டத்தின் துணை நீங்கியபின்னரும் தாய்வழி உரிமை அழியவில்லை; மகளுக்கு வீடு எழுதிக் கொடுத்தல் என்னும் வடிவிலே அது நிலைத்தது. தேசவழமையை அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு இது புதுமையாகத் தோன்றாது. 1707 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையும் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என உடைமையை மூவகைப்படுத்தி, சீதனத்தைப் பெண்ணின் தனியுரிமையாக ஏற்றது. ஆயினும் யாழ்ப்பாணத்திலே குடி என்னும் தாய்வழிக் குலமில்லை. சீதனமும் குடியும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையே கீழ்க்கரையின் தனித்தன்மை.

பிற நாடுகளோடு ஒப்புநோக்கு

இஸ்லாமியரிடத்தே தாய்வழி வீட்டுரிமை காணப்படுதல் கீழ்க்கரைக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்துக் காயல்பட்டினத்திலும் மகளுக்கு வீடு கொடுத்தலும் மணமகன் அங்கு வந்து வாழ்தலும் வழக்கம். மலையாளக் கரையின் வடபகுதி மாப்பிளமாரிடத்தே தறவாடு என்னும் தாய்வழிக் கூட்டுக்குடும்பம் நிலவியது. கண்ணூர் அறக்கல் அரசமரபு அதற்குச் சான்று. சுமத்திராவின் மினாங்கபாவு மக்களிடத்தே பெருமனையும் வயலும் பெண்வழியே செல்கின்றன. இவற்றுட் பல, இந்துமாகடல் வணிகத் துறைகளும் அவற்றைச் சார்ந்த நிலங்களுமாதல் கருதத்தக்கது. ஆடவர் கடல்மேற் செல்லும் நாட்டில் வீடு நிலைத்திருக்கும் பெண்ணின் கையிற் சேர்தல் இயல்பே.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தறவாடு பலருக்கும் பொதுவான கூட்டுடைமை. தாய்மாமனே அதனை ஆண்டான். சென்னை மாகாணத்தில் 1939 ஆம் ஆண்டுச் சட்டம் மாப்பிளமாருக்குப் பங்கு பிரிக்கும் உரிமையை அளித்ததும் அப்பெருமனைகள் பிளவுண்டன. நிந்தவூர்ப் பகுதி வீடோ கூட்டுடைமையன்று. தனி ஒருத்தியின் உடைமை. அது தலைமுறைதோறும் பங்கிடப்பட்டே வந்தது. ஆதலின் பங்கீட்டுச் சட்டம் எதுவும் அதனை அசைக்கவில்லை. கூட்டு மனை ஒரு சட்டத்தினால் வீழ்ந்தது. தனி வீடு உறுதி எழுத்தினாற் பிழைத்தது.

புதிய காலமும் பேரழிவுகளும்

இருபதாம் நூற்றாண்டிலே இப்பகுதியின் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சிகள் சில. 1942 இல், உலகப்போரின் உணவு நெருக்கடியின்போது, கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற அவர், இக்கரையிலே நெல் உற்பத்தியைப் பெருக்குவதிலும் முஸ்லிம்களின் கல்வியை வளர்ப்பதிலும் ஊக்கங்காட்டினார். காரைதீவில் விபுலாநந்த அடிகளோடு அவர் கொண்ட நட்பும் அறியப்பட்டதே.

1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மேற்கே பெருங்குளத்தையும் குடியேற்றங்களையும் உண்டாக்கிற்று. இங்கே இருவேறு உரிமை முறைகள் அருகருகே நின்றமை நோக்கற்பாலது. குடியேற்றக் காணிகள் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டன. அச்சட்டத்தின் பின்னுரிமை வரிசை ஆண்மகனை முற்படுத்தியது. கரையோரத்தில் வீடு மகளுக்கு. சில கல் தொலைவில் அரசு கொடுத்த நிலம் மகனுக்கு. 2022 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே அப்பால் வேறுபாட்டை நீக்கியது.

1978 நவம்பர் 23 அன்று கீழ்க்கரையைத் தாக்கிய சூறாவளி கூரைகளைப் பெயர்த்துத் தென்னைகளை வீழ்த்தியது. அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போர்க் காலத்திலே உழவர் பலர் தம் வயல்களுக்குச் செல்ல இயலாதவராயினர். வயல் கைவிட்டபோது குடும்பத்துக்கு எஞ்சிய உடைமை மகளின் பெயரிலிருந்த வீடும் அது நின்ற நிலமுமே.

2004 டிசம்பர் 26 காலையில் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் முதலிய ஊர்களின் கடலோர வீடுகள் அடித்தளம் மட்டும் எஞ்சச் சிதைந்தன. அழிந்த வீடுகளுட் பெரும்பாலானவை பெண்களின் சீதனம். உள்வீட்டில் இருந்த உறுதிகளும் அலையோடு சென்றன. அரசு கீழ்க்கரையிலே கடலிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என முதலில் அறிவித்து, பின்னர் அவ்வரையறையைத் தளர்த்தியது. வயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் வாழ்ந்தோர்க்கு 200 மீற்றர் என்பது சிற்றளவன்று. ஒரு தாயின் வளவு முழுவதும் அதனுள் அடங்கும்.

அழிவினும் நுண்ணியதாய் வேறொன்று பின்னர் நிகழ்ந்தது. புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது ‘குடும்பத் தலைவர்’ என்னும் அலுவலக வழக்கின்படி கணவன் பெயரிலே வீடும் காணியும் பதியப்பட்டமையை ஆய்வாளரும் மகளிர் அமைப்பினரும் சுட்டிக் காட்டினர். மனைவியின் சீதன வீடு அழிந்தது. அதற்கு ஈடாக வந்த வீடு கணவனுடையதாயிற்று. ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்திலே தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை கைமாறிற்று. அலை எடுத்த வீட்டை மீண்டும் கட்டலாம். கணவன் பெயரில் எழுதப்பட்ட வீட்டுக்கோ, மணம் முறிந்தாலும் அவன் இறந்தாலும், அவள் வழக்காட வேண்டியவளாகின்றாள். இஸ்லாமிய வாரிசுச் சட்டம் தான் எட்டாதிருந்த வீட்டுக்குள் அவ்வழியாக நுழைகின்றது. தாயரும் தந்தையரும் நன்கொடை உறுதியினால் தவிர்த்து வந்ததை, உதவி செய்ய வந்தோர் அறியாமையினாற் கொணர்ந்தனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை: நிந்தவூர்ப் பகுதியின் பழைய வீட்டுக்கு வயது அதன் சுவரிலே இல்லை. மண்சுவர் செங்கல்லாயிற்று, கிடுகு ஓடாயிற்று, ஒரு வீடு நான்காயிற்று. மாறாது நின்றது, தாயிடமிருந்து மகளுக்கு அது செல்லும் வழியே. அவ்வழியை அரசர் வகுக்கவில்லை. சட்டம் பல காலம் அதற்குத் துணைநிற்கவுமில்லை. வாழும்போதே கொடுத்துவிடுதல் என்னும் எளிய செயலினால் மக்களே அதனைக் காத்தனர். அதன் சுமை கொடியது என்பதும், வறியோர் அதனால் நலிகின்றனர் என்பதும் உண்மை. அச்சுமையைக் குறைக்கும் வழிகளைச் சமுதாயம் தேடுதல் வேண்டும். ஆனால் சுமையைக் குறைக்கப் புகுவோர் உரிமையையும் உடன் அகற்றிவிடாதிருத்தல் வேண்டும்.

ஊர் வரலாறு எழுதும் மாணவர்க்கு இதனால் ஒரு பணி தோன்றுகின்றது. பழைய வீடுகளின் படங்களைத் தொகுத்தல் நன்று. அதனினும் நன்று, வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் சீதன உறுதிகளைப் படியெடுத்தலும், கொடுத்தோர் பெற்றோர் பெயர்களை வரிசைப்படுத்தலும், முதிய பெண்களிடம் எந்த வளவு எவ்வாறு பிரிந்தது என்று கேட்டு எழுதுதலும் ஆகும். மதில்கள் இடிந்து, வேலித் திறப்புக்கள் அடைபட்டு, தென்னைகள் வீழ்ந்த பின்னரும், பாட்டியின் பெயர் ஓர் உறுதியிலே எழுதப்பட்டிருக்குமாயின், அவ்வீட்டுக்கு வரலாறு உண்டு. அப்பெயரை மறந்த வீடு எவ்வளவு உயர்ந்த மாடியாயினும் நேற்றுக் கட்டிய வீடேயாம்.